பின்சீட்டில் அறுபத்தைந்து கிலோ பொன்னி

என் மனைவி நகைக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு வளையலைக் கையில் வாங்கினால் போதும், தராசில் வைப்பதற்கு முன்பே அதன் எடையை ஏறக்குறையச் சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையில் அந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருபது வருஷமாக நின்று ஊரார் தங்கத்தையெல்லாம் எடை போட்டவளின் சொந்த எடை மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் ஒருநாள் வரும் என்று நினைத்ததும் இல்லை.

அது என் மோட்டார் சைக்கிள் செயினால் வந்தது.

நான் லிஃப்ட் டெக்னீஷியன். எங்காவது ஒரு லிஃப்ட் முனகினால் என்னைக் கூப்பிடுவார்கள். உள்ளே நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால், உரசுவது கதவா, ரோலரா, கயிறா என்று சொல்லிவிடுவேன். இருபத்துநாலு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. பைக்கின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், பற்கள் தேய்ந்து கூராகிவிட்டதைப் பார்த்ததும் நான் பட்டறைக்குப் போகவில்லை. சக்கரம் இரண்டு, செயின் ஒன்று, இதற்கு எதற்கு இன்னொருத்தன் என்று நானே சாமான் வாங்கி வந்து, தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் மாடிக் கார்ப்பார்க்கில் அட்டையை விரித்து உட்கார்ந்தேன்.

முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம், செயின் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. கடைசி வேலை செயினின் தொய்வைச் சரிபார்ப்பது. அடியில் விரலால் தள்ளினால் செயின் இரண்டு விரல் அளவுக்காவது மேலும் கீழும் ஆட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. பழைய செயின் தொளதொளவென்று தொங்கி, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் மானத்தை வாங்கியிருந்தது. அந்தக் கடுப்பில் புதியதை ஒரு விரலுக்கு மேல் அசையாதபடி இழுத்து முடுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். கோடு போட்ட மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கார்ப்பார்க் சரிவில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டது. மாவில்லாமல் ஓடும் கிரைண்டர் மாதிரி ஒரு உறுமல். விரைவுச்சாலையில் ஏறியதும் அது ஊளையாக மாறியது.

"என்னங்க இது?"

"புது செயின். ரெண்டு நாள்ல செட்டாயிடும்" என்றேன் நான், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே நிதானமான குரலில்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் நேரமே அந்த அரைமணிதான். எனக்கு ஷிஃப்ட் பதினொரு மணிக்கு. அவள் கடை பத்தரைக்குத் திறக்கும். மாலையில் நான் வரும்போது அவள் இருக்க மாட்டாள், அவள் வரும்போது நான் சாய்ந்திருப்பேன். மகன் ராணுவ சேவையில் இருக்கிறான், வார இறுதியில் துணி துவைக்க வருவான். ஆகவே கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் பேசியது பெரும்பாலும் பைக்கில்தான். பேசியது என்றால், அவள் பேசுவாள், நான் ஹெல்மெட்டை ஆட்டுவேன். முந்தின நாள் கடைக்கு வந்தவர்கள் கதை, எந்த மாமியார் எந்த மருமகளுக்கு எதை வாங்கிக் கொடுக்க மனசில்லாமல் முறைத்தாள் என்ற கதை. தெம்பனிஸிலிருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் அது ஓடும். அந்த அரைமணியை இந்த ஊளை தின்றுவிட்டது. அவள் என் காதருகே குனிந்து இரண்டு தடவை கத்திப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

ரெண்டு நாளில் செட்டாகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவளைக் கடைவாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகும்போது சத்தம் சுத்தமாக நின்றுவிடுகிறது. ஆஹா, செயின் சூடானதும் சரியாகிவிடுகிறது என்று முடிவு கட்டினேன். மறுநாள் அவள் கீழே இறங்கி வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து, புளோக்கைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் செயினைச் சூடாக்கினேன். சத்தமே இல்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். உறுமல் வந்தது. அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சூடாக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

போனைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து, பைக் ஓட்டுகிறவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் எண்ணெய் போடச் சொன்னார். ஒருவர் எண்ணெயைத் துடைக்கச் சொன்னார். ஒருவர் பின்சக்கர பேரிங் போச்சு என்று அனுதாபம் தெரிவித்தார். இன்னொருவர், நடுவில் ஒரு பெண் குரல் 'சும்மா வாங்க' என்று சொல்கிறதே, அது எந்தப் பாகம் என்று கேட்டார். அவரை நான் பிளாக் செய்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல், ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் போனேன். ஆள் அதிகம் பேச மாட்டார். கோப்பியை ஓரமாக வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார்.

"சத்தம் இல்லையே லா, பாஸ்."

"இருக்கு அங்கிள். காலையில இருந்துச்சு."

இன்னொரு சுற்று போனார். வந்தார். "இல்ல லா." என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பைக்கைவிட எனக்குத்தான் ஏதோ ரிப்பேர் என்று அவர் நினைத்தது அப்பட்டமாகத் தெரிந்தது. "நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. நான் மட்டும் வேலைக்குப் போனேன். கார்ப்பார்க் சரிவில் சத்தமில்லை. விரைவுச்சாலையில் சத்தமில்லை. நல்ல குளிர்ந்த செயின், மழைத்தூறல் வேறு, அப்படியும் சத்தமில்லை. பாதி வழியில், ஒரு பெரிய லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது உண்மை மண்டையில் உறைத்தது. செயின் சூடாவதும் இல்லை, செட்டாவதும் இல்லை. என் மனைவி உட்கார்ந்தால் சத்தம் வருகிறது. இறங்கினால் நின்றுவிடுகிறது.

இதை யாராவது கட்டின மனைவியிடம் போய்ச் சொல்ல முடியுமா? 'நீ ஏறினால்தான் வண்டி ஊளையிடுகிறது' என்ற வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். வேலை முடிகிற வரை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும், நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொன்னாள். "நாளையிலிருந்து நான் ரயில்ல போயிக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கல."

சரி என்றேன். உள்ளுக்குள் ஒரு கோழைத்தனமான நிம்மதி. சொல்லாமல் தப்பித்தோம், சரிசெய்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று அவள் தட்டில் சோறு இல்லை, வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும்தான் இருந்தன. ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் தனியாகப் போனேன். வண்டி வெண்ணெயாக ஓடியது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. யார் எந்த ஆரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், எந்தக் கல்யாணம் நின்றது, ஒன்றும் தெரியாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெறுமையாக இருந்தது. இரண்டாம் நாள் சிக்னலில் நிற்கும்போது பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டை ஆட்டினேன். அவளைத் திரும்பப் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும், அதுவும் அவளுக்குக் காரணம் தெரியாமல் உட்கார வைக்க வேண்டும். என் பிரச்சினை அவ்வளவுதான்.

லிஃப்ட்காரன் புத்தி லிஃப்ட் பக்கம்தான் போகும். ஒரு லிஃப்ட் ஆளேறினால் மட்டும் முனகினால் நாங்கள் என்ன செய்வோம்? ஆளை ஏற்ற மாட்டோம். இரும்பு எடைக்கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அடுக்கி, எந்த எடையில் சத்தம் பிறக்கிறது என்று குறித்துக்கொள்வோம். அதே சோதனையைப் பைக்குக்கும் செய்வது என்று தீர்மானித்தேன். கம்பெனி எடைக்கற்களை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். வேலையிடத்து நண்பன் யாரையாவது பின்னால் ஏற்றலாம்தான், ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது அவன் மனைவிக்குப் போகும், அங்கிருந்து என் மனைவிக்கு வர ஒரு மதியம் போதும். பேசாத எடை எனக்கு வேண்டியிருந்தது. அரிசி வாயைத் திறக்காது.

எவ்வளவு அரிசி என்பதுதான் கேள்வி. லிஃப்டில் 'பதின்மூன்று பேர்' என்று எழுதியிருக்கிறதே, அதில் ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. இருபத்துநாலு வருஷமாக மனுஷர்கள் எல்லாரும் எனக்கு அறுபத்தெட்டு கிலோதான். மூட்டைகள் அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை, ஆகவே அறுபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். லிட்டில் இந்தியாவில், அவள் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் மளிகைக்கடையில் திங்கட்கிழமை இருபத்தைந்து கிலோ பொன்னி ஒரு மூட்டை. செவ்வாய்க்கிழமை இன்னொரு மூட்டை. புதன்கிழமை பத்து கிலோ ஒன்று, ஐந்து கிலோ ஒன்று. கடைக்காரர் எங்கள் இருவருக்கும் பழக்கம். வீட்டில் சாப்பிடுவதே இரண்டு பேர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்னண்ணே, வீட்ல ஏதும் விசேஷமா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"அப்ப கோயிலுக்கா? துலாபாரமா?"

ஆளின் எடைக்கு எடை அரிசியோ வெல்லமோ சாமிக்குக் கொடுக்கும் பிரார்த்தனையைத்தான் கேட்டார். நான் செய்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால், யோசிக்காமல், "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து கிலோ மூட்டையை அவரே கொண்டுவந்து வண்டியில் கட்டிக்கொடுத்தார்.

மூட்டைகளை வீட்டில் பாம் ஷெல்ட்டருக்குள், பெட்டிகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். போர் வந்தால் பதுங்குவதற்கென்று கட்டிக்கொடுத்த அந்த அறை கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அவள் ரயிலுக்குக் கிளம்பியதும், பக்கத்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் மூட்டைகளை மாடிக் கார்ப்பார்க்குக்கு இறக்கினேன். சோதனை என்றால் முறைப்படி இருக்க வேண்டும். சின்ன நோட்டு ஒன்றில் கோடு போட்டு, 'பின் லோடு' என்று தலைப்பிட்டு, ஒரு பக்கம் கிலோ, ஒரு பக்கம் சத்தம் என்று எழுதினேன்.

இருபத்தைந்து கிலோவைப் பின்சீட்டில் கட்டி ஒரு சுற்று. சத்தம் இல்லை. ஐம்பது. லேசான முனகல், அதுவும் சரிவில் மட்டும். இங்கே இரண்டு சிக்கல் வந்தது. சாக்கு ஓரத்தில் பிரிந்து அரிசி சிந்த ஆரம்பித்தது. அதற்காக அவளுடைய மழைக்கோட்டை எடுத்து மூட்டைகளுக்குப் போட்டுவிட்டுப் பொத்தானைப் பூட்டினேன். அடுத்து, பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கிய அவள் ஹெல்மெட் டொக்டொக்கென்று இடித்துச் சத்தத்தைக் கேட்கவிடாமல் தொந்தரவு செய்தது. அதைக் கழற்றி வைக்க இடமில்லை. மூட்டைக்கு மேலேயே கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். இரண்டுமே முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணங்கள். இதை நான் பிறகு பலமுறை விளக்க வேண்டியிருந்தது.

அறுபது கிலோவில் உறுமல் வந்தது. அறுபத்தைந்தில், மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு ஏறும் சரிவில், அப்படியே அச்சு அசலாக அந்த ஊளை! மூன்று வாரமாக என்னைப் பைத்தியக்காரனாக்கிய சத்தம் கைக்கு வந்துவிட்டது. இனி இதை அங்கிள் முன்னால் நிறுத்தி நிரூபிக்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே நான்காம் மாடித் திருப்பத்தில் திரும்பினேன்.

அங்கே, வாடகைக் கார் ஒன்றின் பக்கத்தில், கைப்பையைப் பிடித்தபடி என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒன்றரை மணி. கடையில் இருக்க வேண்டியவள். நான் பிரேக் போட்டேன். என் பின்னால், அவள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, அவள் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, அறுபத்தைந்து கிலோ பொன்னி மெல்ல என் முதுகில் சாய்ந்தது.

நான் திருதிருவென்று விழித்தேன்.

"சாப்பாடு வாங்கப் போனேன்" என்று அவள் ஆரம்பித்தாள். குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "மளிகைக்கடைக்காரரு கூப்பிட்டு, துலாபாரம் எந்தக் கோயில்லம்மான்னு கேக்குறாரு. யாருக்குன்னு கேட்டேன். உங்களுக்குத்தானே இருக்கும்னு என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, அறுபத்தஞ்சு பத்துமாம்மாங்கிறாரு. அரைநாள் லீவு போட்டுட்டு டாக்ஸியில வந்தா, கீழயே அந்தச் சத்தம் கேட்டுச்சு, மேல விடச் சொன்னேன்."

பக்கத்தில் வந்தாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். மழைக்கோட்டின் முதல் பொத்தானைத் திறந்தாள். மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்த எண்களைப் படித்தாள். "இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு. பத்து. அஞ்சு." அப்புறம் பெட்ரோல் டேங்கின் மேல் காந்தத்தில் ஒட்டியிருந்த என் நோட்டை எடுத்தாள். தலைப்பைப் படித்தாள்.

"பின் லோடு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். சோதனை முறை, லிஃப்ட் விதிகள், செயின் எல்லாவற்றையும் கலந்து கட்டி ஏதோ பூசி மெழுகினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"எனக்கு மூணாவது நாளே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் உக்காந்தாத்தான் சத்தம் வருதுன்னு. அன்னைக்குக் கடைவாசல்ல இறங்கிட்டு உள்ள போகாம நின்னேன். நீங்க போறீங்க, வண்டி சத்தமே போடல. மறுநாளும் நின்னு பாத்தேன். அதனாலதான் ரயில்ல போறேன்னு சொன்னேன். சத்தம் தாங்கலன்னு சும்மா சொன்னேன்." நோட்டை மூடினாள். "ரெண்டு வாரமா ராத்திரி சோறு சாப்பிடல. நீங்க என்னடான்னா வீடு முழுக்க அரிசி வாங்கி வைக்கிறீங்க."

வெள்ளரிக்காயும் ஒற்றைச் சப்பாத்தியும் ஞாபகம் வந்தன. நான் அதை விரதம் என்று நினைத்தேன். எந்தச் சாமிக்கு என்றுகூடக் கேட்கவில்லை. என் மேலேயே எனக்கு அசிங்கமாக இருந்தது. ஒரு சொல்லை நான் அவளிடம் மறைக்க, அதே சொல்லை அவளும் என்னிடம் மறைத்துக்கொண்டு தனியாக ரயிலில் நின்றபடி போயிருக்கிறாள்.

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "மூட்டையைக் கூப்பிட்டு உக்கார வச்சீங்க, என்னைக் கூப்பிடல."

"உன்கிட்ட எப்படிக் கேக்குறது…"

"இப்படித்தான். உன் வெயிட்டு எவ்வளவுன்னு." அவள் மூட்டைகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள், வளையலைப் பார்ப்பதுபோல. "ரெண்டு கிலோ கூட வச்சிருக்கீங்க. நான் அறுபத்திமூணு."

சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள். அந்த எடையை இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன், அதுவும் கார்ப்பார்க்கில்.

அரிசி விஷயத்தை அன்று சாயங்காலமே அவள் முடிவு செய்தாள். சாமி பேரைச் சொல்லி வாங்கியதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அறுபத்தைந்து கொடுக்க மாட்டாளாம். சமையலறைத் தராசை எடுத்து வைத்து, ஐந்து கிலோ மூட்டையைப் பிரித்து, கிண்ணம் கிண்ணமாக அளந்து இரண்டு கிலோவை எடுத்து அரிசி டின்னில் கொட்டினாள். கடைசிக் கைப்பிடியில் நாலைந்து மணியைத் திரும்ப எடுத்து மூட்டையில் போட்டாள். சாமியிடம் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. பிறகு எனக்கும் அவளுக்கும் சோறு வடித்தாள். அவள் சாப்பிட்டாள். என்னிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்பே கீழே வந்து நின்றாள். "அந்த அங்கிள்கிட்ட போங்க. நானே உக்காந்து காட்டுறேன்." ஏறி உட்கார்ந்தாள். ஊளை கிளம்பியது. ஜாலான் புசார் வரைக்கும் நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே போனோம். அவள் கை என் தோளில் இல்லை, கைப்பையைப் பிடித்திருந்தது. ஒரு வண்டியை ரிப்பேர் பண்ணப் போகும் வழியில் எனக்கு அவ்வளவு பயம் வந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். அதற்குள் அவளே முன்னால் போய், "அங்கிள், நான் உட்கார்ந்தால்தான் சத்தம் வரும். என் எடை அறுபத்துமூன்று" என்று கணீரென்று ஆங்கிலத்தில் சொன்னாள். எதிர்க்கடையில் இரும்புச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"சரி லா. ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் அங்கிள்.

உட்கார்ந்தோம். அவர் முட்டி போட்டுக் குனிந்து, செயினின் அடிப்பக்கத்தை ஒரு விரலால் தள்ளினார். அது அசையவில்லை. கட்டைவிரலால் தள்ளினார். இம்மியும் அசையவில்லை. இறங்கச் சொன்னார், தள்ளினார், கொஞ்சம் அசைந்தது. ஏறச் சொன்னார், நின்றது. அவ்வளவுதான். ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் தாழும், தாழ்ந்தால் செயின் இன்னும் இறுகும், அதற்காகத்தான் அந்த இரண்டு விரல் தொய்வு. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. லிஃப்டில் எடை ஏற்றிப் பார்க்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போடாதவன், சொந்த வண்டியை வெறுமனே நிறுத்தி வைத்து முடுக்கிவிட்டுப் போட்டோ எடுத்திருக்கிறேன்.

"அறுபத்துமூணு ஒண்ணும் அதிகம் இல்ல" என்று அங்கிள் அவளிடம் சொன்னார். "இந்த வண்டியில நூறு கிலோ ஆளுங்க போறாங்க. செயின் ரொம்ப டைட். யாரு இதை மாட்டினது?"

நான் சாலையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அங்கிள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார்.

நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே தொய்வை அளந்து, இறங்கச் சொல்லித் தளர்த்தி, மறுபடி ஏறச் சொல்லி அளந்தார். பத்து நிமிஷ வேலை. கிளம்பினோம். சந்தைத் தாண்டினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சத்தம் இல்லை. டயர் ஓடும் சத்தம், பக்கத்தில் பஸ், யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவள் இன்னும் பேசவில்லை.

சிராங்கூன் சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"கடைசியில என்னவாம்?" என்று பின்னாலிருந்து கேட்டாள். அங்கிள் சொன்னதை முழுக்கக் கேட்டவள்தான்.

"செயின் டைட்டாம்."

"யாரு டைட் பண்ணது?"

"நான்தான். என் தப்புதான்" என்றேன்.

"ஹெல்மெட்ல கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

கண்ணாடியைத் தூக்கினேன். "என் தப்பு! எல்லாம் என் தப்புதான்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற சாப்பாடு டெலிவரிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பி, "பரவாயில்லண்ணே" என்றார்.

முதுகுக்குப் பின்னால் அவள் குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்து பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுத்து, அவள் கடைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"கடை திறக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றாள். "சத்தம் வருதான்னு இன்னொரு ரவுண்டு பாத்துருங்க."

கியரைப் போட்டேன். அவள் கை என் தோளுக்கு வந்தது. "ரெண்டு வாரமா சொல்லாம வச்சிருக்கேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். "ஒரு அம்மா வந்தாங்க, மருமகளுக்குத் தாலிக்கொடி எடுக்க…"

நான் ஹெல்மெட்டை ஆட்டினேன். மூன்று ரவுண்டு போனோம்.